கோபியைத் திட்டுவதற்கு முன்னால்...

(மூன்றாம் ஆண்டு, டெக்ஸ்டைல் டெக்னாலஜி)



பேரவை மலருக்கு ஒரு கட்டுரை கொடு என்று கேட்டார்கள். இளைஞர் சக்தி, சாயக்கழிவு, செயற்கை நுண்ணறிவு என்று நல்ல தலைப்பையெல்லாம் மற்றவர்கள் முன்கூட்டியே பிடித்துக்கொண்டார்கள். எனக்கு மிஞ்சியது டி.வி. சீரியல். “போயும் போயும் சீரியலா?” என்று நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. சிரியுங்கள். ஆனால் கேன்டீனில் உட்கார்ந்து ‘பாக்கியலட்சுமி’ கோபிக்காக டீ ஆறிப்போகும் வரை சண்டை போட்டவர்கள் நாம்தான் என்பதை மறந்துவிட வேண்டாம்!

கதை தெரியாத சிலரும் இருக்கலாம். விஜய் டி.வி.யில் 2020 ஜூலையில் தொடங்கி 2025 ஆகஸ்டில் முடிந்த தொடர் அது. கோபி கல்லூரியில் ராதிகாவைக் காதலித்தவன். அப்பா ராமமூர்த்தி பாக்கியாவைப் பார்த்துக் கட்டி வைக்கிறார். மூன்று பிள்ளைகள். பாக்கியாவுக்குப் படிப்பு குறைவு, இங்கிலீஷ் வராது. சமையல்கட்டே உலகம். நாலு பேர் முன்னால் அவளைக் கூட்டிக்கொண்டு போகக் கோபிக்குக் கூச்சம். பெரிய பையனுக்குக் கல்யாணம் ஆகிற வயசில், பழைய ராதிகாவை மறுபடி பார்க்கிறான். பொய் மேல் பொய்யாக அடுக்குகிறான். பாக்கியாவும் ராதிகாவும் சிநேகிதிகள். ஆனால் தன் சிநேகிதியின் வீட்டுக்காரர்தான் இவர் என்று ராதிகாவுக்கே தெரியாது! கடைசியில் குட்டு உடைகிறது. விவாகரத்து, ராதிகாவோடு கல்யாணம் என்று கதை போகிறது.

இது வங்காளத்தில் 2019-ல் தொடங்கிய ‘ஸ்ரீமயி’ என்ற தொடரிலிருந்து வந்தது. மராத்தி, தெலுங்கு, மலையாளம் என்று பல மொழியில் எடுத்திருக்கிறார்கள். இந்தியில் ‘அனுபமா’. ஒரே புருஷன் இத்தனை மொழியில் ஓடியிருக்கிறான் என்றால், அவன் இல்லாத ஊர் இல்லை என்றுதானே அர்த்தம்?

எங்கள் வீட்டில் இந்த சீரியல் பார்த்த விதமே தனி. அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஒன்றரை ஷிப்ட் முடித்து வீடு வந்து சேருவதற்குள் பாதி எபிசோட் ஓடிப் போயிருக்கும். ஆகையால் முதல் பாதியைப் பார்த்து வைத்து, அம்மா கைகால் கழுவி வந்து சோற்றுத் தட்டோடு உட்காரும்போது கதை சொல்வது என் வேலை. நான் சொல்கிற கதையில் கோபி எப்போதும் அயோக்கியன்தான். “அந்த நாய் இன்னைக்கு என்ன பண்ணுச்சு தெரியுமாம்மா?” என்றுதான் ஆரம்பிப்பேன்.

அம்மா கேட்கிற கேள்விகள் மட்டும் வேறு மாதிரி இருக்கும். “ஏங்கண்ணு, அந்தப் பெரியவரு கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு வார்த்தை இவனைக் கேட்டிருந்தா, பாக்கியா தப்பிச்சிருப்பால்ல?” என்று ஒரு நாள் கேட்டார். நான் கோபித்துக்கொண்டேன். “அவனுக்குப் போயி சப்போர்ட் பண்றியாம்மா?” என்றேன். “சப்போர்ட் பண்ணலீடா. எங்க கெட்டுப் போச்சுன்னு பாக்கறேன்” என்றார்.

இதை நான் அப்போது காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு நிட்டிங் லேபில் நிற்கும்போதுதான் அம்மா பேசியது தொழில்பேச்சு என்று உறைத்தது. நம் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். துணியில் நெடுக ஒரு கோடு விழுந்தால் அது சர்குலர் மெஷினில் ஊசி செய்த வேலை. திட்டுத் திட்டாக நிறம் மாறியிருந்தால் சாயப்பட்டறையில் வந்த கோளாறு. ஓரத்தில் தையல் விட்டிருந்தால் ஓவர்லாக் டைலரைக் கேட்க வேண்டும். செக்கிங் டேபிளில் இருக்கிறவர் பழுது இருக்கும் இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு, இது எங்கே வந்த பழுது என்றும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். எங்கே வந்தது என்று தெரிந்துவிட்டால் அந்த பீஸ் பாஸாகிவிடாது. அது டேமேஜ் டேமேஜ்தான். எக்ஸ்போர்ட்டுக்குப் போகாது, காதர்பேட்டைக்குத்தான் போகும். ஆனால் ஊசியை மாற்றாவிட்டால் அடுத்த ரோலிலும் அதே கோடு விழும்.

கோபியைப் புரிந்துகொள்வது என்று நான் சொல்வது இதைத்தான். மன்னிப்பது வேறு விஷயம், நண்பர்களே. நாம் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். ‘பாவம்டா அவன்’ என்று ஒரு கட்சி, ‘செருப்பால அடிக்கணும்’ என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் கதையைப் பார்ப்பதே இல்லை!

சரி, இனி என் விஷயத்துக்கு வருகிறேன். இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு நாள் யோசித்தேன்.

சீரியல் முடிந்த வாரம் கேன்டீனில் பெரிய விவாதம். வகுப்புத் தோழி ஒருவர், “கோபி கெட்டவன் இல்லை, கோழை. அப்பாகிட்ட ‘வேண்டாம்’னு சொல்லத் துப்பில்லாதவன் அந்தக் கோபத்தைப் பொண்டாட்டிமேல காட்டுறான்” என்றார். நான் விடவில்லை. “இங்கிலீஷ் தெரியாதவன்னு பொண்டாட்டியை மறைச்சு வெச்சானே, அவன் மனுஷனா?” என்று டேபிளைத் தட்டிக் கத்தினேன். எதிரில் என் நண்பன் உட்கார்ந்திருந்தான். முதல் வருஷத்திலிருந்து ஒரே பஸ்ஸில் வருகிறவன். அவன் ஒன்றும் பேசவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு டீயைக் குடித்தான். அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

இரண்டாம் ஆண்டில் பெற்றோர் கூட்டம் வந்தபோது அம்மா வருவதாக இருந்தார். பீரோவில் இருந்து கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையைக்கூட எடுத்து வைத்துவிட்டார். நான்தான், “அங்கெல்லாம் இங்கிலீஷ்லதாம்மா பேசுவாங்க. நீ வந்து என்ன பண்ணப் போறே? மாமாவைக் கூட்டிட்டுப் போறேன்” என்றேன். மாமா சூப்பர்வைசர், பேன்ட் சட்டை போடுகிறவர். அம்மா ஒரு நிமிஷம் பேசவில்லை. அப்புறம், “அதுவுஞ்சரிதான் கண்ணு, லீவு போட்டா ஒரு நாள் சம்பளம் போயிரும்” என்று சொல்லி சேலையை எடுத்து உள்ளே வைத்தார். எனக்குச் சங்கடம் வரக்கூடாது என்று காரணத்தையும் அவரே கொடுத்துவிட்டார். இத்தனைக்கும் அந்தக் கூட்டத்தில் எல்லோரும் தமிழில்தான் பேசினார்கள்!

எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு பவர்டேபிளில் உட்கார்ந்த அக்காவும், அம்மாவும் கட்டிய ஃபீஸில்தான் நான் படிக்கிறேன். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். வாசலுக்குள் வந்தவுடன் நான் செய்த காரியம் இது. கோபிக்காவது ஒரு ராதிகா இருந்தாள். எனக்கு எந்த சாக்கும் இல்லை.

அன்றிலிருந்து கோபியைப் பார்க்கும்போது எனக்குத் திட்ட வாய் வரவில்லை. பிடித்துப் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். அவன் செய்கிற தப்பு ஒவ்வொன்றும் எங்கிருந்து கிளம்புகிறது என்று தெரிய ஆரம்பித்துவிட்டது. அவ்வளவுதான்.

இந்த மாதிரி நாயகன் நமக்குப் புதிதும் அல்ல. தமிழ்ப் பாடத்தில் மார்க்குக்காக மனப்பாடம் செய்தோமே, அந்தக் கோவலனை யோசித்துப் பாருங்கள். கண்ணகியை விட்டுவிட்டு மாதவியிடம் போனவன். பொருளையெல்லாம் தொலைத்தவன். அதே கோவலன்தான் யானையின் பிடியில் சிக்கிய கிழவரைக் காப்பாற்றினவன் என்று மாடலன் வாயால் சொல்ல வைக்கிறார் இளங்கோ. மதுரைக்குள் சிலம்பு விற்கப் போவதற்கு முன்னால், தான் செய்ததையெல்லாம் கண்ணகியிடமே சொல்லி வருந்துகிறான். மாதவியையும் வில்லியாக்கவில்லை பாருங்கள். அவளுடைய மகள் மணிமேகலைக்குத் தனிக் காப்பியமே இருக்கிறது. ஆனால் கோவலனுக்கு நல்ல குணம் இருந்தது என்பதற்காகக் கண்ணகி பட்ட கஷ்டத்தில் ஒரு துளியைக்கூட இளங்கோ குறைத்து எழுதவில்லை.

என் அபிப்பிராயத்தில், குறையுள்ள நாயகனை எழுத இதுதான் அளவுகோல். அவன் செய்த தப்புக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதைக் கதை காட்டுகிறதா, மறைக்கிறதா? ‘பாக்கியலட்சுமி’யில் கோபியின் பொய்க்கு பாக்கியா விலை கொடுத்தாள், பிள்ளைகள் கொடுத்தார்கள், ராதிகா கொடுத்தாள், அவளுடைய சின்னப் பெண்ணும் கொடுத்தது. அதைக் காட்டினார்கள். ஆனால் வேறு சில காதல் சீரியல்களில் என்ன நடக்கிறது? பிடிக்காத பெண் கழுத்தில் நாயகன் வலுக்கட்டாயமாகத் தாலி கட்டுகிறான். கன்னத்தில் அறைகிறான். அடுத்த வாரமே பின்னணியில் புல்லாங்குழல் ஒலிக்கிறது, அவள் வெட்கப்படுகிறாள், எல்லாம் காதலாகிவிட்டது! இதைப் போய் ‘கோபக்காரன், ஆனா உள்ளுக்குள்ள தங்கம்’ என்று நம் ஆட்கள் ஸ்டேட்டஸ் வேறு போடுகிறார்கள். ஓட்டை விழுந்த துணி மேல் பிரின்ட் அடித்து பாஸ் பண்ணுகிற வேலை அது.

‘பாக்கியலட்சுமி’ இதில் சுத்தம் என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் கோபி மாட்டிக்கொண்டு முழிக்கும்போதெல்லாம் காமெடி மியூசிக் போட்டார்கள். சதீஷ் நன்றாகவே நடித்தார், அந்தத் திருட்டு முழி ஒன்றுக்கே எத்தனை மீம்ஸ் வந்தது! நாமும் சிரித்தோம். சிரித்துச் சிரித்தே அவனைப் பாதி மன்னித்துவிட்டோம் என்பதை நாம் கவனிக்கவில்லை. 2020-ல் ஊரடங்கில் கம்பெனியெல்லாம் பூட்டிக் கிடந்தபோது ‘மெட்டி ஒலி’யை மறுபடி போட்டார்கள். 2002-ல் தொடங்கிய தொடர். அதில் சேத்தன் நடித்த மாணிக்கம், தாய் பேச்சைக் கேட்டு சரோவைப் பாடாய்ப் படுத்துவான். அங்கே சிரிப்பு மியூசிக் கிடையாது. எங்கள் வீட்டில் ஒருவரும் பேசாமல் பார்த்தோம்.

இன்னொரு மனக்குறையும் எனக்கு உண்டு. நாயகனுக்குக் குறை வைக்கிறார்களே, நாயகிக்கு ஏன் வைப்பதில்லை? பாக்கியா பொறுமையின் சிகரம். அழுவாள், உழைப்பாள், மசாலா அரைத்து விற்று மேலே வருவாள், இங்கிலீஷும் கற்றுக்கொள்வாள். எல்லாம் சரி. ஆனால் அவள் ஒரு நாளாவது அநியாயமாக யார் மேலாவது எரிந்து விழுந்ததுண்டா? 1974-லேயே பாலசந்தர் ‘அவள் ஒரு தொடர்கதை’யில் சுஜாதாவை வைத்துக் கவிதா என்று ஒரு பெண்ணைக் காட்டினார். குடும்பத்தையே தோளில் சுமப்பாள். ஆனால் நாக்கு தேள் கொடுக்கு மாதிரி இருக்கும். அந்தக் கவிதா நம்ம ஊர் பஸ் ஸ்டாப்பில் காலை எட்டு மணிக்கு டிபன் பாக்ஸோடு வரிசையாக நிற்கிறாள். எங்கள் வீட்டிலேயே ஒருத்தி இருக்கிறாள். அக்கா வாயைத் திறந்தால் தெருவே கேட்கும். “உனக்காகத்தாண்டா நான் மெஷின்ல உக்காந்தேன்” என்று சாப்பிடும்போது சொல்லிக் காட்டுவாள். கோபம் வரும். அவள் சொல்வது பொய் இல்லை என்பதால் இன்னும் அதிகமாகக் கோபம் வரும். அவளை நாயகியாக்கி ஒரு சீரியல் எடுத்தால் நம் தாய்மார்களே ‘வாயாடி’ என்று சேனலை மாற்றிவிடுவார்கள். ஆணுக்கு என்றால் ‘பாவம், சூழ்நிலை’. பெண்ணுக்கு என்றால் ‘ராங்கி’. இது எந்த ஊர் நியாயம்?

இந்த வருஷம் மலர் வெளியீட்டு விழாவுக்கு வீட்டில் இருந்து ஆட்களைக் கூட்டி வரலாம் என்று அறிவித்திருக்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் சொன்னேன். “நான் எழுதின கட்டுரை வருது, நீ வரணும்மா” என்றேன். “எதைப் பத்தி எழுதினே?” என்றார். “கோபியைப் பத்தி” என்றேன். சிரித்தார். பெற்றோர் கூட்டத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அக்காதான் படித்துக் காட்டுவாள், அவள் என்ன சொல்லப் போகிறாளோ!

“வர்றியாம்மா?” என்று மறுபடி கேட்டேன். “ஷிப்மென்ட் இருக்குது கண்ணு, சூப்பர்வைசரைக் கேட்டுப் பாக்கறேன்” என்று சொல்லியிருக்கிறார்.