கணினிப் பகுதி: இணைப்பின் ஐந்து நிலைகள்

நம் சங்கத்தின் வலைப்பக்கத்தை அழகுபடுத்த முனைந்து, சென்ற திங்கள் ஒரு பிழை செய்தோம். இணைப்புகளின் அடிக்கோட்டை நீக்கினோம். விசைப்பலகையால் நகரும்போது இணைப்பைச் சுற்றித் தோன்றும் கட்டத்தையும் அழித்தோம். பக்கம் பளிச்சென்றுதான் இருந்தது. ஆனால், கை நடுக்கத்தால் மவுஸைப் பிடிக்க இயலாத பெரியவர் ஒருவர், பேத்தியைத் தமிழ் வகுப்பிற் சேர்க்க விரும்பி, 'டேப்' விசையைத் தட்டித் தட்டிக் களைத்துப் போனார். "தம்பி, எங்கே நிற்கிறேன் என்றே தெரியவில்லையே!" என்றார். பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டு நிலையத்தைத் திறந்தவர்கள் ஆனோம்.

நம் இளைஞர் பலர் இத்தொழில் பயில்வதால், முறையை ஈண்டுச் சொல்லுவோம். வலைப்பக்கத்தின் தோற்றத்தை வகுப்பது சி.எஸ்.எஸ். 1996-ல் வந்த அதன் முதற் பதிப்பிலேயே இணைப்புக்கு மூன்று நிலைகள் இருந்தன. இன்னும் சென்று காணாதது 'லிங்க்'; கண்டு வந்தது 'விசிட்டட்'; அழுத்தும் கணத்தில் 'ஆக்டிவ்'. அம்புக்குறி மேலே நிற்கும் 'ஹோவர்', விசைப்பலகை வந்து நிற்கும் 'ஃபோகஸ்' ஆகிய இரண்டையும் 1998-ன் இரண்டாம் பதிப்பு சேர்த்தது.

இவற்றை எழுதும் வரிசை முக்கியம்: லிங்க், விசிட்டட், ஹோவர், ஃபோகஸ், ஆக்டிவ். ஐந்துக்கும் வலிமை சமம். சமமானவற்றுள் பின்னால் எழுதியதே செல்லும். ஹோவரை முன்னும் விசிட்டட்டைப் பின்னும் எழுதி, இரண்டிலும் நிறம் குறித்தால், கண்டு வந்த இணைப்பின்மேல் அம்புக்குறி நின்றாலும் நிறம் மாறாது.

விசிட்டட் நிலையில் நிறங்களை மட்டுமே மாற்ற உலாவிகள் இடந்தருகின்றன. நாம் எங்கெங்கு சென்றோம் என்பதைப் பிறர் வேவு பாராதிருக்கவே இக்கட்டுப்பாடு. கைப்பேசியிலோ விரல் அம்புக்குறிபோல் மேலே நிற்பதில்லை. ஆகவே ஹோவரில் மட்டும் ஒரு செய்தியை ஒளித்து வைக்கலாகாது.

நிறத்தை மட்டுமே நம்புவதும் தவறு. இரயில்வேயில் சிக்னல் பார்த்து வண்டி ஓட்டுவோர்க்கு நிறப்பார்வைச் சோதனை உண்டு. வாசகர்க்கு அச்சோதனை வைக்க இயலுமா? அடிக்கோடு இருந்தால் நிறம் பிரித்தறிய முடியாதவரும் இணைப்பை அறிவர்.

அடிக்கோட்டைத் திரும்ப இட்டோம். ஃபோகஸுக்குத் தடித்த கட்டமும் வைத்தோம். பெரியவர் தம் கையாலேயே பேத்தியின் பெயரைப் பதிந்தார். ஐயமுள்ள அன்பர்கள் ஞாயிறு மாலை சங்க நூலகத்தில் நம்மைக் காணலாம்.