ஐந்தாம் சட்டமும் நாற்பது ஏக்கரும்

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தது. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளை அங்கே மறுசீரமைப்புக் காலம் என்கிறார்கள். திருச்சி காட்டூரிலிருந்து வரும் ஓர் இதழுக்கு அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தோடு என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். உய்யக்கொண்டான் வாய்க்கால் பாயும் மண்ணில் நின்றுகொண்டு கேட்கக்கூடாத கேள்வி அது.

அடிமை ஒழிப்பில், சட்டப் புத்தகத்தை மட்டும் பார்த்தால் நாம்தான் மூத்தவர்கள். அமெரிக்கா அடிமைமுறையை ஒழிக்கும் பதின்மூன்றாம் திருத்தத்தை 1865 டிசம்பரில்தான் நிறைவேற்றியது. இங்கே கம்பெனி அரசு 1843லேயே ஐந்தாம் சட்டத்தைப் போட்டுவிட்டது. ஆனால் அந்தச் சட்டத்தில் அடிமைமுறை ஒழிந்தது என்று ஒரு வரிகூடக் கிடையாது. ஆளை உடைமையாகக் கருதி யாராவது வழக்குக்கு வந்தால் நீதிமன்றம் ஏற்காது என்பதைப் போன்ற விதிகளோடு நின்றுகொண்டது. யாரும் தண்டோரா போடவில்லை. பண்ணையில் உழுதவனிடம் போய்ச் சொல்லவும் இல்லை. அரசுக்கு நிலைமை தெரியாது என்றும் சொல்ல முடியாது. 1819இல் வருவாய் வாரியம் கேட்டபோதே திருச்சி கலெக்டர் லஷிங்டன் நன்செய்ப் பகுதிப் பள்ளர்களின் அடிமைநிலை பற்றி எழுதி அனுப்பியிருக்கிறார். மிராசுதாரைப் பகைத்துக்கொண்டால் நிலவரிக் கிஸ்தி என்னாவது என்ற கவலை துரைமாருக்கு. ஆளை அடிமையாக வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கிய தண்டனைச் சட்டம் 1862இல் நடைமுறைக்கு வந்தது. நாகப்பட்டினத்திலிருந்து புறப்பட்ட ரயில் பாதை திருச்சியைத் தொட்டதும் அதே ஆண்டில்தான். ரயில் வந்தது ஊருக்கே தெரிந்தது.

அமெரிக்காவில் நடந்ததைப் புனிதப்படுத்த வேண்டியதில்லை. 1865 ஜனவரியில் தளபதி ஷெர்மன், தென் கரோலினா முதல் புளோரிடா வரையிலான கடலோர நிலத்தைக் குடும்பத்துக்கு நாற்பது ஏக்கர் வரை பிரித்துக் கொடுக்க ஆணையிட்டார். நாற்பதாயிரம் பேர் குடியேறிவிட்டார்கள். ஆண்டு முடிவதற்குள் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் நிலத்தைப் பழைய முதலாளிகளுக்கே திருப்பிக் கொடுத்தார். நவம்பரில் மிசிசிப்பி ஒரு சட்டம் போட்டது: ஒவ்வொரு ஜனவரியிலும் கறுப்பினத்தவர் தமக்கு வேலை இருப்பதற்கான எழுத்துச் சான்று காட்ட வேண்டும், ஒப்பந்தத்தின் நடுவே விலகினால் அந்த ஆண்டில் அதுவரை சம்பாதித்த கூலி போய்விடும், பிடித்துக் கொண்டுவந்தும் விடலாம்.

இதே வேலையைச் செய்ய இங்கே ஆறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு சட்டம் வந்திருந்தது. 1859ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் சட்டப்படி, முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலைக்கு வராவிட்டால் மாஜிஸ்திரேட் அவரை வேலையை முடிக்கவோ பணத்தைத் திருப்பவோ ஆணையிடலாம். மீறினால் மூன்று மாதம் வரை கடுங்காவல். கடன் பாக்கி சிவில் விவகாரம்தானே என்பதெல்லாம் மற்றவர்களுக்கு. மலைத்தோட்டத் துரைமார்களுக்கு இது நல்ல ஆயுதமாக அமைந்தது. 1925இல்தான் நீக்கினார்கள். கடல் தாண்டிப் போனவர்களையும் கடன் விடவில்லை. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் தேயிலை நட்ட இலங்கையில், பாக்கித் தொகை எழுதிய ‘துண்டு’ இல்லாமல் தோட்டம் மாற முடியாத நிலை 1921 வரை இருந்தது. அந்தத் தோட்டங்களுக்குப் போனவர்களில் திருச்சி மாவட்டத்தார் ஏராளம்.

இதுவரை இரண்டு கதையும் ஒன்றுதான். பிறகு பிரிகின்றன. தெற்கு மாநிலங்களின் ஆட்டத்தைப் பார்த்து வாஷிங்டனில் நாடாளுமன்றம் வெகுண்டது. 1867இல் தெற்கை ராணுவத்தின் கீழ் கொண்டுவந்து கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை கொடுத்தது. 1870இல் அதே மிசிசிப்பியிலிருந்து ஹைரம் ரெவல்ஸ் செனட்டுக்குப் போனார். விடுதலை பெற்றோருக்கென ஏற்பட்ட அரசு அலுவலகம் பள்ளிகளுக்குத் துணை நின்றது, ஒப்பந்தங்களைப் பதிந்தது, திருமணங்களைப் பதிந்தது. 1877இல் படையை விலக்கிக்கொண்டதும் எல்லாம் சரிந்தது உண்மை. ஆனாலும் அந்த ஏடுகளைப் புரட்டிக் கொள்ளுப்பாட்டியின் பெயரைக் கண்டுபிடிப்பவர்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள்.

நமக்கோ தோற்றுப்போகக்கூட ஒரு மறுசீரமைப்பு வாய்க்கவில்லை. வாக்குரிமை, பள்ளி, நிலம் எதுவும் 1843ஐத் தொடர்ந்து வரவில்லை. புனேயில் ஜோதிராவ் புலே 1873இல் ‘குலாம்கிரி’ நூலை, அடிமை ஒழிப்பைப் பாராட்டி அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினாரே, அதில் நன்றியைவிட நம் அரசின் மீதான குத்தல் அதிகம் என்றுதான் எனக்குப் படுகிறது. செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் எழுதிய அறிக்கைக்குப் பிறகு, 1892இல்தான் ஒடுக்கப்பட்டோருக்கென ஒதுக்கிய பஞ்சமி நிலம் என்று ஒன்று வந்தது. அதுவும் கைமாறி, மீட்கப் போனவர்கள் 1994இல் காரணையில் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். நம் மாவட்டத்து வாரக்காரர்களுக்கென்று திருச்சிராப்பள்ளி கையேறுவாரம், மாட்டுவாரம் சட்டம் வர 1958 ஆயிற்று. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல். செங்கல் சூளைகளில் இன்றும் ஆட்களை மீட்கிறார்கள். முன்பணம்தான் காரணம் என்கிறது செய்தி.

ஆ. சிவசுப்பிரமணியன் ‘தமிழகத்தில் அடிமைமுறை’ எழுதி வழிகாட்டியிருக்கிறார். ஊர் ஊராகத் தொடர வேண்டிய வேலை அது. திருவெறும்பூர், லால்குடி, ஸ்ரீரங்கம் வட்டாரத்து வீட்டுப் பரண்களில் பண்ணைக் கணக்கு நோட்டு, கடன் சீட்டு, ஆள் ஓலை ஏதேனும் கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் எடை போடுவதற்கு முன் எங்களுக்குத் தெரிவியுங்கள். மிராசுதார் வீட்டுத் தாத்தாவின் பெயர் வெளியே வந்துவிடும் என்று தயங்க வேண்டாம். அவர் பெயர் ஏற்கெனவே பட்டாவில் இருக்கிறது. நாங்கள் தேடுவது நோட்டின் வலப்பக்கத்தில், மரக்கால் கணக்குக்கு நேராக, அப்பன் பெயரில்லாமல் எழுதப்பட்டிருக்கும் ஆட்களை.