மீன்காட்சிச்சாலையும் நம் ஊர் ஏரியும்

கடற்கரையில் பிறந்து வளர்ந்தும் கடலுள் வாழ்வனவற்றை அறியாது வாழ்தல் நம்மவர்க்கு இயல்பாகிவிட்டது. தமிழ்நாட்டின் கடற்கரை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. செங்கற்பட்டுச் சீமையோ ஏரிகளின் சீமை என்று பெயர் பெற்றது. ஆயினும் நம் மாணாக்கர் ஒருவரை நிறுத்திப் பத்து மீன்களின் பெயரைச் சொல்லுமாறு கேட்டால், உணவுத்தட்டில் கண்ட நான்கைந்தைச் சொல்லி நின்றுவிடுவர். அவற்றுள்ளும் உயிரோடு நீரில் நீந்தக் கண்டது எது என்று வினவினால் விடை அரிது. இக்குறையைப் பற்றியும், இதற்கு மருந்தாகக் கூடிய மீன்காட்சிச்சாலைகளைப் பற்றியும் சில சொல்ல விரும்புகிறோம்.

இதனை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி மிகச் சிறியது. நாம் குடியிருப்பது சிங்கப்பெருமாள் கோவில். மலையைக் குடைந்து அமைத்த குகையில் நரசிங்கப்பெருமாள் வீற்றிருக்கும் ஊர் அது. அங்கிருந்து மறைமலை நகர், பொத்தேரி, கூடுவாஞ்சேரி, வண்டலூர் வழியாகத் தாம்பரத்திற்கு நாள்தோறும் மின்சார ரயிலில் வந்து போகிறோம். ஒரு மழைக்காலத்தின் முடிவில் எங்கள் பக்கத்து ஏரிக்கரையில் நடந்து சென்றபோது, வலை இழுத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கரிய மீன் ஒன்றை எடுத்துக் கரைமேல் வீசினார். அதன் உடலெங்கும் கவசம் போன்ற செதில், செட்டையில் முள், வாயோ அடிப்பக்கத்தில் உறிஞ்சுகுழல் போல இருந்தது. "இது நம்ம ஏரி மீனில்லீங்க ஐயா. வலையை அறுக்குது, விலைக்கும் போவாது" என்றார் அவர். அருகில் நின்ற பள்ளிச் சிறுவன் மட்டும் மகிழ்ச்சியோடு கூவினான்: "எனக்குத் தெரியும், இது டேங்க் கிளீனர்! எங்கள் வீட்டுத் தொட்டியில் இருந்தது. பெரிதாகிவிட்டது என்று அப்பா கொண்டுபோய் விட்டுவிட்டார்."

அதே வலையில் கெண்டையும் கெளுத்தியும் குறவையும் துள்ளிக்கொண்டிருந்தன. அவற்றுள் ஒன்றையேனும் அச்சிறுவன் பெயர் சொல்ல அறியான். தென்னமெரிக்க நதிகளில் பிறந்த மீனை அவன் அறிவான். தன் வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் பாட்டன் காலந்தொட்டு வாழும் மீனை அறியான். குற்றம் அவனுடையதன்று. அவனுக்கு அதனைக் காட்டுவார் இல்லை. காட்டுதற்குரிய இடமும் இல்லை.

மீனை உயிரோடு கண்ணாடிக்குள் வைத்துக் காட்டும் வழக்கம் மிகப் பழையதன்று. நீருள் வளரும் செடி உயிர்க்காற்றை வெளியிடும், மீன் அதனை உட்கொள்ளும், நத்தை அழுகியதைத் தின்று நீரைத் தூய்மை செய்யும். இம்மூன்றும் சேர்ந்தால் ஒரு தொட்டி நெடுநாள் நிலைக்கும் என்பதை இங்கிலாந்தில் இராபர்ட் வாரிங்டன் என்னும் இரசாயன அறிஞர் 1850-இல் விளக்கினார். 1853-இல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் பொதுமக்களுக்கென மீன்மனை திறக்கப்பட்டது. ஜெர்மானிய அறிஞர் அன்டோன் டோர்ன் நேப்பிள்ஸ் நகரில் நிறுவிய கடலாராய்ச்சி நிலையத்தின் காட்சிச்சாலை 1874-இல் திறக்கப்பட்டது. மேல்மாடியில் ஆராய்ச்சி, கீழே பொதுமக்களுக்குக் காட்சி என்று அவர் அமைத்த முறை பின்வந்தோர்க்கு வழிகாட்டிற்று. கிழக்கே ஜப்பானியர் 1882-இலேயே டோக்கியோவின் உவேனோ விலங்குக் காட்சிச்சாலையில் மீன்களைக் காணும் கூடம் ஒன்றை ஏற்படுத்தினர்.

நம் சென்னையும் இதில் பின்தங்கவில்லை. 1885 முதல் அரசாங்க அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த எட்கார் தர்ஸ்டன், மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பையும் சங்குகுளிப்பையும் நேரிற் கண்டு நூல் எழுதியவர். அக்கடலின் அழகைச் சென்னை மக்களும் காண வேண்டும் என்னும் அவர் யோசனையின் பயனாக 1909-இல் மெரினாக் கடற்கரையில் மீன்காட்சிச்சாலை திறக்கப்பட்டது. அதனை ஆசியாவிலேயே முதலாவது என்று பலர் எழுதுகின்றனர். உவேனோவை நோக்க அது மிகையே. நம் நாட்டில் முதலாவது என்னும் பெருமை நமக்குப் போதும். தர்ஸ்டனுக்குப் பின் அருங்காட்சியகத்தின் தலைமைக்கு வந்த ஜே. ஆர். ஹெண்டர்சன், அதற்கு முன் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியராயிருந்து நண்டு, இறால் முதலியவற்றை ஆராய்ந்து புகழ் பெற்றவர் என்பதை மிஷன் கல்லூரி மாணாக்கர் மறத்தலாகாது. வகுப்பறையில் வளர்ந்த அறிவு கடற்கரையில் பொதுமக்களுக்குப் பயன்பட்டது.

அந்தக் காட்சிச்சாலை 1942-இல், ஜப்பானியர் தாக்குவர் என்னும் அச்சத்தால் நகரம் கலங்கிய காலத்தில் மூடப்பட்டது. போர் முடிந்தது, அச்சம் நீங்கியது, நாடு விடுதலையும் பெற்றது. ஆனால் மெரினாக் காட்சிச்சாலைக்கு மட்டும் பழைய பொலிவு திரும்பவில்லை. பம்பாயில் 1951-இல் இராஜேந்திர பிரசாத் அவர்கள் தாராபூர்வாலா மீன்காட்சிச்சாலையைத் திறந்து வைத்தார். தலைமுறை தலைமுறையாக அந்நகரச் சிறுவர் அங்கே கடலைக் கற்றனர். முதலில் தொடங்கிய நாமோ வெறுங்கையராய் நின்றோம். மாமல்லபுரத்தில் பெருங்காட்சிச்சாலை ஒன்று அமைக்கும் பேச்சும் பலமுறை எழுந்து எழுந்து அடங்கியது.

இன்று ஆசியாக் கண்டத்தில் பிரயாணம் செய்வோர்க்குக் காணத்தக்க மீன்காட்சிச்சாலைகள் பல உள. ஜப்பானில் ஒசாகா நகரின் கையூகான் 1990-இல் திறக்கப்பட்டது. அதன் நடுத்தொட்டி ஏறத்தாழ 5,400 டன் நீர் கொள்வது. ஒகினாவாத் தீவின் சுராவுமிக் காட்சிச்சாலை 2002-இல் எழுந்தது; அங்கே 7,500 டன் நீருள்ள தொட்டியில், உலகின் மிகப்பெரிய மீனாகிய திமிங்கலச் சுறா நீந்தக் காணலாம். அத்தொட்டியின் பலகணி கண்ணாடியால் ஆனதன்று. அக்ரிலிக் என்னும் தெளிந்த செயற்கைப் பொருளால் ஆனது. அதன் கனம் 60 சென்டிமீட்டர். நம் தமிழ் மக்கள் மிகுதியாக வாழும் சிங்கப்பூரில் 1955-இல் திறந்த வான் கிளீஃப் காட்சிச்சாலை 1991-இல் மூடப்பட்டது; சென்டோசாத் தீவில் 2012-இல் எழுந்த பெருங்காட்சிச்சாலை 2025-இல் விரிவுபெற்றுச் சிங்கப்பூர் ஓஷனேரியம் என்னும் புதுப்பெயர் பூண்டது. சென்னைக்கு அருகே கிழக்குக் கடற்கரைச் சாலையில் தனியார் ஒருவர் 2019-இல் திறந்த வி.ஜி.பி. மரைன் கிங்டத்தில், தலைக்குமேல் மீன் நீந்த நாம் நடந்து செல்லும் சுரங்கவழி உண்டு.

இவற்றைக் கண்டு வியத்தல் தகும். ஆயினும் எம் கருத்தை மறையாது சொல்வோம். சுறாவின் வாயைக் கண்டு அஞ்சி, பொன்னிற மீனைக் கண்டு மகிழ்ந்து, புகைப்படம் எடுத்துக்கொண்டு வீடு திரும்புவதோடு முடியுமாயின், மீன்காட்சிச்சாலைக்கும் பொருட்காட்சிக் கொட்டகைக்கும் வேற்றுமை இல்லை. காட்சிச்சாலை பள்ளியாக வேண்டும். எவ்வூரில் இருக்கிறதோ அவ்வூர் நீரின் உயிர்களை அது முதலிற் காட்ட வேண்டும். கேரளத்து விழிஞ்ஞத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் நடத்தும் காட்சிச்சாலை, அளவில் சிறியதாயினும், ஆராய்ச்சியோடு கூடியது என்பதால் எம் மதிப்பிற் பெரியது. 1947-இல் தோன்றிய அந்நிலையம் தன் தொடக்க காலத்தில் நம் மண்டபத்தில் இயங்கியது என்பதையும் நினைவிற் கொள்க.

எம் ஏரி மீன்கள் காட்சிக்குத் தகுதியற்றனவோ? பனையேறிக் கெண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். தரங்கம்பாடியில் டேனியப் படையில் பணியாற்றிய டால்டார்ஃப் என்பவர், 1791-இல் குளக்கரைப் பனை ஒன்றின் பட்டைப் பிளவில், நீருக்கு ஐந்து அடி உயரத்தில் இம்மீன் ஏறிக்கொண்டிருக்கக் கண்டதாக எழுதினார். ஐரோப்பிய அறிஞர் வியந்தனர், சிலர் ஐயுற்றனர். மரம் ஏறுவதை ஐயுறுவோரும், செவுள்மேல் உள்ள தனியுறுப்பால் அது காற்றை நேரே சுவாசிக்கும் என்பதையும், ஈரத்தரையில் ஊர்ந்து குளம்விட்டுக் குளம் செல்லும் என்பதையும் மறுப்பதில்லை. விராலும் குறவையும் அவ்வாறே மேலெழுந்து காற்று உண்பன. விரால் தன் செந்நிறக் குஞ்சுகளைக் கூட்டமாகக் காத்து வரும் காட்சி தாய்மைக்கும் தந்தைமைக்கும் உவமையாகத் தக்கது. தேளியின் முள் தைத்தால் அதன் பெயர்ப்பொருத்தம் விளங்கும். அயிரை மணலுள் புதைந்து கண்ணை மட்டும் வெளியே காட்டி இருக்கும். இவற்றைக் காண ஒகினாவாவுக்குச் செல்ல வேண்டியதில்லை.

தரங்கம்பாடியில் வாழ்ந்த மிஷனரி ஜான் என்பார் நம் கடல்மீன்களைச் சேகரித்துப் பெர்லினில் இருந்த பிளாக் என்னும் அறிஞருக்கு அனுப்பினார். ஒரு மீனுக்கு அறிஞர் இட்ட இலத்தீன் பெயரில் இன்றும் அவர் பெயர் வழங்குகிறது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்து வந்தவர் காட்டிய ஆர்வம், இம்மண்ணிலே பிறந்த நமக்கு இல்லாமற்போவது நாணத்தக்கதன்றோ?

நிற்க. மீனைச் சிறையிடுதல் கொடுமை என்று சிலர் தடை கூறுவர். இத்தடை இகழத்தக்கதன்று. பெருங்கடலில் நெடுந்தூரம் உலவும் உயிரை எத்துணைப் பெரிய தொட்டியில் அடைத்தாலும் அது சிறையே. அறிவு மிக்க ஓங்கிலைக் கூத்தாட வைக்கும் காட்சிகளை நம் நாடு 2013-இல் தடுத்தது நன்று. ஆனால் ஒரு முழ நீரில் பிறந்து அதிலேயே வாழ்ந்து முடியும் கெண்டைக்கும் அயிரைக்கும், தூய நீரும் தக்க செடியும் உள்ள தொட்டி துன்பமன்று. அளவறிந்து தேர்வதே அறம்.

திரைப்படத்திலும் கைப்பேசியிலும் எல்லா மீனையும் காணலாமே, காட்சிச்சாலை எதற்கு என்பது இரண்டாவது தடை. படத்தில் காண்பது பிறர் தேர்ந்து காட்டியது. தொட்டிமுன் ஒரு நாழிகை அமர்ந்தவன் தானே கண்டறிகிறான். மேலும், தொட்டியைக் காப்பவனுக்கு வரும் அறிவு வேறெவ்வழியாலும் வாராது. மீனின் கழிவு அம்மோனியா என்னும் நஞ்சாகிறது. கண்ணுக்குப் புலனாகா நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், பின் கேடு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அந்நுண்ணுயிர் நிலைபெறச் சில வாரங்கள் ஆகும். புதுத்தொட்டியில் அவசரப்பட்டு மீனை நிறைத்தவன் அவற்றை இறக்கக் காண்பான். ஏரியிற் கழிவுநீர் கலந்தால் மீன் செத்து மிதப்பதேன் என்பதை ஒரு தொட்டியைப் பேணியவனுக்கு விளக்க வேண்டுவதில்லை. அவன் தானே அறிவான்.

மூன்றாவது தடை பொருட்செலவு. நாம் கேட்பது 7,500 டன் தொட்டியன்று. கல்லூரி தோறும் ஓர் அறை. அதில் ஆறு தொட்டிகள். அவற்றில் அவ்வட்டாரத்து ஏரி மீன்கள். ஒவ்வொன்றின் அருகிலும் வலைஞர் வழங்கும் தமிழ்ப்பெயரும் இலத்தீன் பெயரும் எழுதிய பலகை. சனிக்கிழமை தோறும் அக்கம்பக்கத்துப் பள்ளிச் சிறுவர்க்கு இலவச அனுமதி. இது நம் கல்லூரிக்கு இயலாததன்று. பெயர்ப்பலகை எழுத, எங்கள் ஊர் ஏரிக்கரைப் பெரியவரைப் போன்றோரை அழைத்து, அவர்களுக்கு உரிய மதிப்பும் ஊதியமும் தர வேண்டும். அவர்கள் அறிந்தது எந்நூலிலும் முழுதும் எழுதப்படவில்லை.

வெளிநாட்டு மீன் ஒன்றும் அவ்வறையில் வேண்டா. ஒரு தொட்டி தவிர. அதில் அந்த டேங்க் கிளீனரை வைத்து, "இதனை ஏரியில் விடாதீர்" என்று பெரிய எழுத்தில் எழுத வேண்டும். அது கரையைக் குடைகிறது, வலையை அறுக்கிறது, நம் மீனின் இரையையும் இடத்தையும் கவர்கிறது. 1952-இல் இந்நாட்டிற்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டை இன்று ஏரி தோறும் பெருகியிருப்பதைக் கண்டும் நாம் பாடம் கற்கவில்லை. அன்று அறிஞர் உணவுக்கென்று கொண்டுவந்தனர். இன்று இரக்கம் என்று எண்ணி இல்லத்தார் விடுகின்றனர். விடும் கைக்கு அது இரக்கம். ஏரிக்கு அது கேடு.

அரசாங்கத்தாருக்கும் ஒன்று சொல்வோம். 1909-இல் தொடங்கிய சென்னையின் மீன்காட்சிச்சாலை, கூலி வேலை செய்வோர் பிள்ளையும் சில்லறைக் காசோடு நுழையத்தக்கதாக மீண்டும் எழ வேண்டும். மன்னார் வளைகுடாவின் கடற்குதிரையும் கடலட்டையும் சட்டத்தால் காக்கப்படுகின்றன. பாக் நீரிணையில் 2022-இல் கடற்பசுவுக்கென்றே காப்பகம் அறிவிக்கப்பட்டது. சட்டம் காப்பது ஒரு பங்கு. மக்கள் அறிந்து அன்பு கொண்டு காப்பது மறு பங்கு. அறியாததன்மேல் அன்பு பிறவாது.

அன்று அச்சிறுவனுக்குப் பெரியவர் ஒரு குறவையை ஈரக்கையில் ஏந்திக் காட்டிப் பெயர் சொன்னார். அவன் இருமுறை அப்பெயரைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தான். பிறகு மீனைத் தன் கையில் வாங்கி, மெல்ல நீரில் விட்டான். ஒரு பாடம் அவ்வளவில் முடிந்தது. அத்தகைய பாடத்தை ஆயிரம் சிறுவர்க்கு நடத்த நம் கல்லூரியில் ஓர் அறை கிடைக்குமா என்று ஆசிரியரையும் மாணாக்கரையும் பழைய மாணாக்கரையும் கேட்டு இதனை முடிக்கிறோம்.