கண்ணுசாமியின் கிரீடம் எங்களுடையதல்ல

கண்டியின் கடைசி அரசன் கண்ணுசாமி தமிழனாம். ஆகவே தமிழராட்சி 1815 வரை நீடித்ததாம். ஸ்கொத்லாந்தியர் கலொடனில் இழந்ததையே நாங்கள் கண்டியில் இழந்தோமாம். இப்படி எழுதுகிறவருக்கு இரண்டு நாட்டு வரலாறும் தெரியாது.

1746 ஏப்ரல் 16இல் கலொடனில் தோற்ற சார்ள்ஸ் எட்வேர்ட் ரோமில் பிறந்தவர். அவர் கேட்டது தன் தகப்பனுக்கு லண்டன் சிங்காசனத்தை. அவர் படையில் மான்செஸ்டரில் திரட்டிய ஆங்கிலேயரும் இருந்தார்கள்; எதிர்ப்படையில் கம்பெல் குலத்தார் உட்பட ஸ்கொத்லாந்தியர் பலர் நின்றார்கள். ஒரு குடும்பத்தின் வாரிசு வழக்கை ஓர் இனத்தின் துயரமாக்கியது பின்னால் வந்த கற்பனை. சார்ள்ஸை விரட்டிய அதே ஹனோவர் வம்சத்து நான்காம் ஜோர்ஜே 1822இல் எடின்பரோவில் கில்ட் உடுத்து நின்றார் என்றால் மிச்சத்தை யோசியுங்கள்.

இனிக் கண்டி. 1739இல் வீர நரேந்திரசிங்கனுக்குப் பின் அரியணை ஏறியவன் அவனுடைய மதுரை அரசியின் தம்பி, நாயக்கன். நாயக்கர்கள் வடுக (தெலுங்கு) வழியினர். அதே நாயக்க வழியில் வந்த அரசன் கீர்த்தி சிறி 1753இல் சியாமிலிருந்து பிக்குகளை வரவழைத்தான். அவன் தம்பி ராஜாதி ராஜசிங்கன் சிங்களத்தில் கவி பாடினான். இதிலே தமிழராட்சி எங்கே இருக்கிறது?

1803இல் பிரித்தானியர் கண்ணுசாமிக்கு எதிராக அரசனாக்கிய முத்துசாமியும் நாயக்கன்தான். அவனோடு திருகோணமலைக்குப் புறப்பட்ட மேஜர் டேவியின் படை வட்டபுளுவவில் மகாவலி பெருகியதால் நின்றது. பிரித்தானியர் முத்துசாமியைக் கையளித்தார்கள், கண்ணுசாமி அவனைக் கொல்வித்தான். இனம் காத்த இலட்சணம் இது.

கண்டியைப் பிரித்தானியரிடம் ஒப்படைத்த 1815 உடன்படிக்கையில் கண்டிப் பிரதானிகள் சிலர் தமிழ் எழுத்தில் ஒப்பமிட்டார்களே என்பார். எந்தக் கடதாசியில்? இரண்டாம் சரத்து ‘மலபார் இனத்தாரின்’ அரசுரிமையை அடியோடு ஒழிக்கிறது. அதற்குக் கீழேதான் அந்த ஒப்பங்கள்!

சிங்களத் தரப்பில் ‘அந்நிய அரசனை விரட்டினோம்’ என்று மார்தட்டுகிறவர்களும் தப்ப முடியாது. 1817இல் ஊவாவில் கிளர்ந்தவர்கள் அரசனாக்கிய வில்பாவே சிங்களவன். ஆனால் தன்னை நாயக்க இளவரசன் துரைசாமி என்று சொல்லிக்கொண்டே வந்தான். கண்டிப் பிரதானி கெப்பெட்டிப்பொல அவனோடுதான் சேர்ந்தான்.

கண்டி தமிழராட்சியா என்பதற்கு எங்கள் மூதூரைக் கேட்டிருந்தாலே போதும். 1660இல் ரொபர்ட் நொக்ஸ் இங்கே கொட்டியாரத்தில்தான் இரண்டாம் ராஜசிங்கனின் ஆட்களிடம் பிடிபட்டான். கண்டி அரசனின் கை இந்தக் கரைவரை நீண்டிருந்தது. அதனால் இங்கிருந்த தமிழ் பேசும் மக்கள் சிங்களவராகிவிட்டார்களா? இல்லையென்றால், நாயக்கன் ஆண்டதால் கண்டி மட்டும் எப்படித் தமிழாகும்?

கண்ணுசாமி 1832இல் வேலூரில், பிரித்தானியரின் சிறையில் இறந்தான். அவனுக்காக இரங்குங்கள், தவறில்லை. அவன் கிரீடத்தைக் கொண்டுவந்து எங்கள் தலையில் வைக்காதீர்கள்.