இருபத்தொன்பதாம் நாள்

பிரெஞ்சு மீடியத்தில் படித்தவர்களில் சிலருக்காவது இந்தக் கணக்கு நினைவிருக்கும். குளத்தில் ஒரு 'நெனுஃபார்', அதாவது அல்லி. தினமும் இரண்டு மடங்காகிறது. முப்பதாம் நாள் குளம் முழுக்க மூடிவிடுகிறது. பாதிக் குளம் மூடியது என்றைக்கு? முசியே கேட்டதும் நான் முந்திக்கொண்டு "பதினைந்தாம் நாள்" என்றேன். அவர் திட்டவில்லை. சாக்பீஸைக் கையில் கொடுத்து, பின்னாலிருந்து எண்ணச் சொன்னார். இருபத்தொன்பது.

எங்கள் தெருக்கோடிக் குளத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பலகைதான் ஞாபகம் வருகிறது. இரண்டு வருடத்துக்கு முன், சாக்கடை வந்து சேரும் மூலையில் ஒரு பாய் அகலத்துக்கு ஆகாயத்தாமரை. மனு எழுதிக்கொண்டு போனேன். "இன்னும் பரவலையே சார், பரவட்டும் பார்க்கலாம்" என்றார் அங்கிருந்தவர். அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை. சர்வீசில் இருந்தபோது நானும் கோப்புகளில் இதே மாதிரிக் குறிப்பு எழுதியவன்தான்.

நல்ல வெயிலும் சாக்கடைச் சத்தும் கிடைத்தால் இந்தச் செடி இரண்டு வாரத்தில் இரட்டிக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஐந்து மாதத்துக்குள் ஒரு பாய் ஆயிரம் பாய். பெல்ஜியத்துக்காரர் வெர்ஹுல்ஸ்ட் 1838லேயே சொன்னார்: எந்தப் பெருக்கமும் இடமும் உணவும் குறையக் குறைய மட்டுப்படும் என்று. சரிதான். ஆனால் இங்கே உணவு குறைவதில்லை, நாம்தான் சாக்கடை வழியாக ஊட்டிக்கொண்டிருக்கிறோமே. இடம் தீர்ந்த பிறகுதான் நின்றது. அதன் சொந்த ஊரான தென்னமெரிக்காவில் அதைத் தின்னும் கூன்வண்டுகள் உண்டு. 1980களில் நம் நாட்டுக்கும் கொண்டுவந்து விட்டார்கள். வண்டு மெதுவாகத்தான் தின்கிறது, சாக்கடை வேகமாக ஊட்டுகிறது.

மூடிய குளத்தில் வெளிச்சம் இல்லை, தண்ணீரில் பிராணவாயு குறைகிறது. விரால் மேலே வந்து மூச்சு வாங்கும், ஓரளவு தாங்கும். கெண்டை செத்து மிதக்கும். மான்சோனியா என்று ஒரு கொசு, யானைக்கால் கிருமியைப் பரப்பும் இனம். அதன் புழு செடியின் வேரில் குத்திக்கொண்டு அங்கிருந்தே காற்றை இழுக்கும். மேலே எண்ணெய் ஊற்றினாலும் அதற்குக் கவலையில்லை.

கொசுவுக்காக நாங்கள் செய்த புண்ணியம் இன்னொன்று. கம்பூசியா மீனைக் கொண்டுவந்து விட்டோம், ஒரு வாளி நானே தூக்கிப் போனேன். கொசுப்புழுவைத் தின்னும், பொய்யில்லை. உள்ளூர் மீன்களின் முட்டை, குஞ்சு, தவளையின் தலைப்பிரட்டை எல்லாவற்றையும் சேர்த்துத் தின்னும் என்று பிறகுதான் படித்தேன். நெற்றியில் வெள்ளிப் பொட்டோடு மேல்தண்ணீரில் திரியுமே, சின்ன வயதில் நாம் துண்டு விரித்துப் பிடித்த மீன், அதுவும் கொசுப்புழு தின்னும் மீன்தான். இப்போது எங்கள் குளத்தில் அதைக் காணோம். என் வாளிதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

குளம் முழுக்க மூடிய பிறகு ஜேசிபி வந்தது, அள்ளிக் கரையில் கொட்டியது. மழையில் பாதி மறுபடி உள்ளே. அந்தச் செலவில் மாதம் ஒரு நாள் இரண்டு பேரை இறக்கிக் கையால் பிடுங்கச் சொல்லியிருக்கலாம். சாக்கடையை வேறு பக்கம் திருப்பியிருந்தால் இன்னும் நல்லது.

போன திங்கட்கிழமை நடைக்குப் போனபோது அதே மூலையில் ஏழு செடி. எட்டிய இரண்டைப் பிடுங்கிவிட்டேன். மற்ற ஐந்துக்கும் குனிய முழங்கால் விடவில்லை. லீவுக்கு வந்திருக்கும் பேரன்கள் யாராவது இருந்தால் காலையில் அனுப்பி வையுங்கள்.