கை தூக்கி மலையேறலாமா?

வரும் டிசம்பரில் தலகோனா அருவிக்குச் செல்வதென்று நம் மன்றம் சென்ற வாரம் முடிவு செய்தது. கை தூக்கச் சொன்னார்கள். இருபத்தொரு கைகள் எழுந்தன, மூன்று எழவில்லை. எழாத மூன்றில் ஒன்று என்னுடையது. கூட்டம் கலைந்தபின் நண்பர்கள் சிலர், "பௌதிகக்காரருக்கு அருவி என்றால் அச்சமோ?" என்று கேலி பேசினர். கேலிக்கு விடை சொல்ல அன்று, ஒரு பழைய கடனைத் தீர்க்கவே இதை எழுதுகிறேன்.

நான் காவிரிப் படுகையில் பிறந்தவன். எங்கள் பக்கத்தில் வெள்ளம் என்பது சொல்லிவிட்டு வரும் விருந்தாளி. மேட்டூரில் மதகு திறந்தார்கள் என்று செய்தித்தாளில் படிப்போம்; கல்லணைக்குத் தண்ணீர் வந்து சேர மூன்று நான்கு நாள் ஆகும்; அதற்குள் பூவும் விதைநெல்லும் எடுத்துக்கொண்டு கரையில் காத்து நிற்கலாம். அப்படிப்பட்ட நிலத்திலிருந்து படிப்புக்காகத் திருப்பதிக்கு வந்தவனுக்கு, தண்ணீர் கால் மணியிலும் வரக்கூடும் என்பது எங்ஙனம் தெரியும்?

சென்ற ஆண்டு ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நண்பர்கள் எழுவர் சேஷாசலக் காட்டோரத்து ஓடை ஒன்றைப் பிடித்து ஏறினோம். நாங்கள் நின்ற இடத்தில் நல்ல வெயில். மலைமுகட்டில் மட்டும் கருமேகம். எங்களுள் ஒருவர் சித்தூர்க்காரர். வீட்டில் தமிழும் வெளியில் தெலுங்கும் பேசி வளர்ந்தவர். "திரும்பிவிடலாம்" என்றார் அவர். வாக்கெடுத்தோம். ஐந்துக்கு இரண்டு. ஏறினோம்.

சற்றுத் தொலைவில் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் எதிர்க்கரையிலிருந்து இரு கைகளையும் வீசி, "வங்க வஸ்துந்தி! வங்க வஸ்துந்தி!" என்று கூவினார். என் செவியில் அது "வாங்க, வாங்க" என்றே விழுந்தது. என்ன விருந்தோம்பல் என்று வியந்தபடி நானும் கையசைத்துவிட்டு ஓடைக்குள் இறங்கினேன். வங்க என்றால் இச்சீமையில் காட்டோடை. ஓடை வருகிறது, ஓடிவிடு என்று கதறியிருக்கிறார் அந்தப் பெரியவர்! வரிசையின் கடைசியில் வந்த சித்தூர் நண்பர் பாய்ந்து வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்ததால்தான் இன்று மன்ற இதழுக்குக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் தெளிந்த நீரில் சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன. பிறகு நீர் தேநீர் நிறமாயிற்று. அதன் பின்னரே ஓசை கேட்டது. முன்னால் சென்ற இருவர் நடுப்பாறையில் மாட்டிக்கொண்டனர். தண்ணீர் வடிந்து அவர்கள் கரையேறும்போது இருட்டிவிட்டது. அந்த மூன்று மணி நேரமும் அவர்களுள் ஒருவர் வாய்விட்டுத் தம் தாயை அழைத்துக்கொண்டே இருந்தார். அவரும் ஏறலாம் என்று கை தூக்கியவர்தாம்.

நான் சொல்ல வந்த கடன் இது. மேகம் எங்கே இருக்கிறதோ அங்கே பெய்யும் நீர் நாம் நிற்கும் ஓடைக்குத்தான் வரும் என்பது எனக்குத் தோன்றியது. தோன்றியும் கை தூக்கினேன், கோழை என்பார்களே என்று.

"மழை விட்டபின் போவோம்" என்பது இப்போதைய சமாதானம். மழை விட்டாலும் மலை விடுவதில்லையே! 2021 நவம்பர் 18, 19 தேதிகளில் திருப்பதியில் கொட்டிய மழையை இவ்வூரார் மறந்திருக்கமாட்டார்கள். ஸ்ரீவாரி மெட்டு நடைபாதை உடைந்து, மறு ஆண்டு மே மாதத்தில்தான் திறக்கப்பட்டது. ஆனால் திருமலைக்கு ஏறும் சாலையில் பெரும்பாறைகள் உருண்டு விழுந்தது டிசம்பர் 1ஆம் தேதி. இடையிலும் மழை இருந்தது உண்மையே. எனினும் முதல் வெள்ளம் வடிந்து பன்னிரண்டு நாள்போல் ஆகியிருந்தது. காரணம் எளிது. இம்மலைப் பாறை கெட்டியானது. ஆனால் வெடிப்புகள் நிறைந்தது. பத்து மீட்டர் ஆழமுள்ள வெடிப்பில் நீர் நிரம்பினால், அடியில் ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஏறத்தாழ 10 டன் எடை தள்ளுவதற்கு ஒப்பாகும். வானம் வெளுத்துவிட்டது என்பது அந்த நீருக்குத் தெரியாது.

இதைப் பற்றித் தேடிப் படிக்கையில், நாம் காணாத பனிமலைகளிலிருந்து ஒரு பாடம் கிடைத்தது. பனிச்சறுக்குக்காக ஆளில்லா மலைகளுக்குச் செல்வோர் இளவேனிலில்தான் நேரத்தை மிகவும் எண்ணிப் பார்க்கிறார்கள். இரவில் உறைந்து இறுகிய பனி காலையில் ஆளைத் தாங்கும். வெயில் ஏற ஏற உருகிய நீர் உள்ளிறங்கி அடுக்குகளின் பிடியைத் தளர்த்தும். 30 முதல் 45 பாகை வரையுள்ள சரிவுகள் அப்போது பெயர்ந்து ஓடும். ஆகவே தேர்ந்தவர்கள் இருட்டிலேயே புறப்பட்டு, உச்சி வெயிலுக்கு முன் இறங்கிவிடுகிறார்கள். திரும்பும் மணியை முந்திய இரவே குறித்துவிடுகிறார்கள். மெக்கமன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 715 பனிச்சரிவு விபத்துகளை ஆராய்ந்து 2004இல் எழுதினார். பழகிய இடம் என்ற துணிவும், உடன் வந்தோர் மெச்ச வேண்டும் என்ற ஆசையும் பயிற்சி பெற்றவர்களையே கேட்டுக்கு இழுத்துச் சென்றனவாம். படித்தபோது என் தூக்கிய கைதான் நினைவுக்கு வந்தது.

"ஐந்து ஆண்டுகளாகப் போகிறோம், ஒன்றும் நேரவில்லையே" என்கிறார் மூத்த மாணவர் ஒருவர். ஐயா, அந்த ஐந்து முறையும் எத்தனை நாள் மழைக்குப் பின் போனோம் என்று எவரேனும் குறித்து வைத்திருக்கிறோமா? குறிப்பே இல்லாத சோதனையை நம் ஆய்வுக்கூடத்தில் ஏற்பார்களா?

சுற்றுலாவுக்கு நாள் குறிக்க வாக்கெடுங்கள். சோற்றுக்குப் புளியோதரையா, தயிர்ச்சாதமா என்பதற்கும் எடுங்கள். மலையில் திரும்புவதா, ஏறுவதா என்பதற்கு மட்டும் வேண்டாம். அங்கே ஒருவர் "வேண்டாம்" என்றால் அனைவரும் திரும்ப வேண்டும். அப்படியானால் எந்தப் பயணமும் நடக்காது என்பீர்கள். சில நடக்காமற் போகட்டுமே! தேர்தலில் தோற்றவர் வீட்டுக்குப் போய்விடலாம்; ஓடையில் தோற்றவர் வென்றவரோடு சேர்ந்தே நீரில் நிற்க வேண்டும். முந்திய இரண்டு நாளில் மலையில் பெருமழை பெய்திருந்தால் பயணத்தைத் தள்ளி வைப்பதும், தெலுங்கு நன்கு தெரிந்தவரை முன்வரிசையில் விடுவதும் நமக்குப் பெரிய தொல்லைகள் அல்ல.

செயற்குழு வரும் வெள்ளிக்கிழமை மாலை மீண்டும் கூடுகிறது. நான் பயணத்துக்குப் பகைவன் அல்லன். தலகோனாப் பட்டியலில் என் பெயரும் உண்டு. சித்தூர் நண்பரிடமும் பேசிவிட்டேன். முன்னால் நடக்க ஒப்பினார், வழியில் நான் வாக்கெடுப்பு எதுவும் நடத்தக்கூடாது என்ற நிபந்தனையோடு.