வெறும் நம்பர்தானே சார்?

பதிவு கொஞ்சம் நீளம். மெடிக்கல் கோடிங், பில்லிங் வேலையில் இருக்கும் பிள்ளைகள் மட்டுமாவது கடைசிவரை படியுங்கள்.

போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் பழைய மாணவன் ஒருவன் என் பக்கத்தில் உட்கார்ந்தான். சென்னையில், அமெரிக்க மருத்துவ பில்லிங் கம்பெனியில் எட்டு வருஷமாக வேலை. "என்னப்பா வேலை அது?" என்று கேட்டேன். "நோயாளி முகத்தைப் பார்க்கிறதில்ல, மருந்தைத் தொடுறதில்ல. வெறும் நம்பர்தான் போடறோம் சார்" என்றான். சாப்பிடும் இடத்தில் வாதம் வேண்டாம் என்று ரசத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். பதிலை இங்கே சொல்கிறேன்.

நியூஜெர்சியில் இருக்கும் என் அத்தானுக்கு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். வீட்டில் நெபுலைசர் வைத்து புடெசொனைடு மருந்தை இழுக்கிறார். மருந்து தபாலில் வரும். ஒருநாள் அக்கா மகள் மருந்துக் குப்பியின் லேபிளையும், மெடிகேர் அனுப்பிய கணக்குத் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாள். கடையில் கலந்து தயாரித்தது என்கிறது லேபிள். கணக்கில் இருப்பதோ ஜே 7626.

விஷயம் தெரியாதவர்களுக்கு: ஜே 7626 என்றால் எஃப்.டி.ஏ. அங்கீகரித்த, கம்பெனியிலிருந்து ஆயத்தமாக வரும் புடெசொனைடு, 0.5 மில்லிகிராம் வரை. ஜே 7627 என்றால் அதே மருந்து, அதே அளவு, ஆனால் மருந்துக்கடையில் கலந்தது. முதலாவதற்கு, ஆண்டுக் கழிவுத்தொகை போக, மெடிகேர் 80 சதவீதம் கொடுக்கும். இரண்டாவதற்கு, 2007 முதல், அவசியமற்றது என்று சொல்லிக் கையை விரித்துவிடும். ஆறு போட்டால் காசு, ஏழு போட்டால் இல்லை. ஏன் ஆறு விழுந்தது என்று நான் வேறு விளக்க வேண்டுமா?

"நாமெல்லாம் கம்பவுண்டர் கலந்து, பேப்பர் வெட்டி அளவு ஒட்டிக் கொடுத்த மிக்சரைக் குடித்து வளர்ந்தவர்கள்தானே?" என்று என் வயதுக்காரர்கள் கேட்பீர்கள். அது வயிற்றுக்குப் போனது. இது நேராக நுரையீரலுக்குப் போவது. நீரில் கரைத்து வாய்வழியாக இழுக்கும் மருந்துகள் கிருமியற்றவையாக இருக்க வேண்டும் என்று 2002 முதல் அங்கே கட்டாயம். ஆயத்த மருந்தை எஃப்.டி.ஏ. ஆராய்ந்த பிறகே விற்க முடியும். கடையில் கலப்பதற்கு அந்த முன் அனுமதி கிடையாது. 2012இல் மாசசூசெட்ஸில் நியூ இங்கிலாந்து காம்பவுண்டிங் சென்டர் தயாரித்த ஸ்டீராய்டு ஊசி மருந்தில் பூஞ்சை கலந்து 60 பேருக்கு மேல் இறந்தார்கள். அது ஊசி, இது நெபுலைசர். ஆனால் பாடம் ஒன்றுதான்.

கலந்து தயாரிப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. ஆயத்த மருந்தில் இருக்கும் ஏதோ ஒரு சேர்மானம் ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்து ஒரேயடியாக மறுப்பது கடுமையான விதிதான். அப்படியானால் ஏழையே போடுங்கள். மருத்துவர் எழுதிய காரணத்தை இணைத்து மேல்முறையீடு செய்யுங்கள். மெடிகேர் கொடுக்காது என்று நோயாளிக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துக் கையெழுத்து வாங்க அங்கே தனிப் படிவமே இருக்கிறது. வாங்குவதா வேண்டாமா என்று அவர் முடிவு செய்யட்டும். விதி பிடிக்கவில்லை என்றால் விதியோடு சண்டை போடலாம். இலக்கத்தை மாற்றுவது சண்டை இல்லை, பொய்.

என்னிடம் வேதியியல் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். ஆய்வகத்தில் லேபிள் இல்லாத பாட்டிலை யாரும் தொடமாட்டீர்கள். தப்பான லேபிள் ஒட்டிய பாட்டிலைத்தான் நம்பி எடுப்பீர்கள். ஆபத்து அதில்தான். நீங்கள் போடும் நம்பரும் ஒரு லேபிள்தான். நாளை அந்தக் கடைக் கலவையில் கோளாறு என்று தெரிந்து, யார் யார் வாங்கினார்கள் என்று மெடிகேர் கணக்கில் தேடினால், என் அத்தான் பெயர் வராது. அவர் இழுத்ததே வேறு மருந்து என்று சாட்சி சொல்லும் அந்த ஆறு.

அந்த ஆறைத் தட்டியது யார், தெரியாது. அந்தக் கடைக்காரரே தட்டியிருக்கலாம். சென்னையில் நைட் ஷிஃப்டில், டார்கெட் முடிக்கும் அவசரத்தில், என் பிள்ளைகளில் ஒருவரே தட்டியிருக்கலாம். அந்த நினைப்புதான் என்னைத் தூங்கவிடவில்லை.

"டி.எல். சொன்னார், போட்டேன்" என்பது பதில் ஆகாது. சந்தேகம் வந்தால் அந்தக் கிளெய்மை நிறுத்தி வையுங்கள். மருந்து ஆயத்தமா, கலந்ததா என்று மெயிலில் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொல்ல மட்டுமே தயாராக இருப்பவர் ஏன் எழுதத் தயங்குகிறார் என்று யோசியுங்கள்.

அத்தானுக்கு இப்போது மருத்துவர் ஆயத்த மருந்துக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறார். அக்கா மகள் மெடிகேருக்குப் புகார் கொடுத்துவிட்டாள்.

பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த தம்பி, இதைப் படித்தால் கோபப்படாதே. உன் வேலையைக் குறைத்து மதிப்பிட்டது நானல்ல, நீதான். நீ போடுவது வெறும் நம்பர் இல்லையப்பா.

அன்புடன்,
உங்கள் கெமிஸ்ட்ரி சார்